கடுவன் சிறுத்தையை ஆள் பிரிச்சு அறியிறது எப்பிடி: யாலவில பிழை விட்டுப் படிச்சது

இலங்கையின்ர யால தேசியப் பூங்காவில, பிளாக் 1 எண்ட பகுதியில, ஜம்புரகலப் பாறைப் பக்கம் ஒரு பெரிய கடுவன் சிறுத்தையை 2 வருசமாப் படம் எடுத்துக்கொண்டு திரிஞ்சனான். கம்பியூட்டரில அதுக்கெண்டு தனி ஃபோல்டர், பேர் "ஜம்புரகலப் பெரியவர்". வீட்டுக்கு ஆர் வந்தாலும் திறந்து காட்டுவன், இவர்தான் அந்த ஏரியாவுக்குப் பொறுப்பு, இந்தப் பாறையிலதான் படுப்பார் எண்டு கதை வேற. ஒருநாள் மழை, வெளிய போக வழியில்லை, சும்மா இருக்காமல் 2 படத்தைப் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தால் வலப்பக்க விலாவில இருக்கிற புள்ளியள் ஒண்டோட ஒண்டு ஒத்தே வரேல்ல. இன்னும் 4 படம் எடுத்து வச்சுப் பாத்தன், அதுவும் அப்பிடித்தான். பெரியவர் ஒராள் இல்லை, 2 பேர். ஒருத்தர் போன இடத்துக்கு மற்றவர் வந்திருக்கிறார், நான் பாறையைப் பாத்து ஆளைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறன்.

அதுக்குப் பிறகுதான் இதை ஒழுங்காச் செய்யத் தொடங்கினன். யாலவுக்கோ வில்பத்துப் பூங்காவுக்கோ அடிக்கடி போய், கண்ட சிறுத்தையை "இது அவரோ வேற ஆளோ" எண்டு சரியாச் சொல்ல ஆசைப்படுற ஆக்களுக்கு இது பிரியோசனப்படும். ஒருக்கா மட்டும் போய்ப் பாத்திட்டு வாற ஆக்களுக்கு இவ்வளவும் தேவையில்லை, சந்தோசமாப் பாத்திட்டு வாங்கோ.

ஏன் கடுவனை மட்டும் தனியாக் கதைக்கிறன் எண்டால், பெட்டைச் சிறுத்தை அநேகமா ஒரு சின்ன இடத்துக்குள்ளயே வருசக்கணக்கா இருக்கும், மகள் வளந்தால் தாயின்ர இடத்துக்குப் பக்கத்திலயே குடியேறிவிடும். கடுவன் அப்பிடி இல்லை. 2 வயசளவில தாயை விட்டுப் போய் எங்கயோ அலையும், பிறகு ஒரு இடத்தைப் பிடிக்கும், 2-3 பெட்டையளின்ர இடத்தைச் சேத்து ஒரு பெரிய வட்டமா வச்சிருக்கும், அதைவிடப் பலமான ஒண்டு வந்தால் விட்டிட்டுப் போகவேணும். ஆன படியால் இடத்தை வச்சு ஆளைச் சொல்லுறது கடுவனிலதான் கூடப் பிழைக்கும். ஜீப்பில டிரைவர்மார் "இது இந்த இடத்துக் கொட்டியா" (சிங்களத்தில சிறுத்தை) எண்டு சொல்லுறதைக் கேளுங்கோ, அவையளுக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியாது, ஆனால் புள்ளியைப் பாக்காமல் எழுதி வைக்காதேங்கோ.

முதல் விசயம், அது கடுவனோ பெட்டையோ எண்டு நிச்சயமாக்கிறது. இலங்கைச் சிறுத்தையில கடுவன் சராசரி 56 கிலோ, பெட்டை 29 கிலோ, எடை போட்டுப் பதிஞ்சதில பெரிய கடுவன் 77 கிலோ. எடையைப் பாத்தால் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம், பாத்தவுடன தெரியும் எண்டு நினைப்பீங்கள். ஆனால் பக்கத்தில மற்றது நிக்காத நேரம் உருவத்தை மட்டிடுறது சரியான கஸ்டம், அதுவும் லென்சுக்குள்ளால பாத்தால் எல்லாமே பெரிசு. தலையைப் பாருங்கோ, கடுவனுக்குத் தலை அகலம், கழுத்து தடிப்பு, தலைக்கும் தோளுக்கும் இடையில கழுத்தே இல்லாத மாதிரி ஒரு கட்டை. வயது போகப் போகத் தொண்டைக்குக் கீழ தோல் தொங்கும், மாட்டுக்கு அலைதாடி மாதிரி ஆனால் அவ்வளவு இல்லை. பின்னால இருந்து பாத்தால் விதைப்பை தெரியும், அதுதான் கடைசிச் சாட்சி. இளங்கடுவன், ஒண்டரை 2 வயசில, தாயை விட உயரமா நிண்டாலும் உடம்பு ஒடிசல், தொண்டைத் தோல் இல்லை, அதைப் பெட்டை எண்டு எழுதின ஆக்கள் கனபேர், நானும்தான். பின்பக்கப் படம் ஒண்டு எடுக்காமல் பால் எழுதாதேங்கோ, "தெரியாது" எண்டு எழுதினால் ஒண்டும் குறையாது.

இனிப் புள்ளி. சிறுத்தையின்ர முதுகு, விலா, தொடை மேல் பக்கமெல்லாம் இருக்கிறது வளையம் வளையமா உடைஞ்ச புள்ளி, ரோசெட் எண்டு சொல்லுவினம். தலை, கால், வயிறு எல்லாம் நிறைஞ்ச கறுப்புப் புள்ளி. இந்த அமைப்பு பிறக்கேக்க வந்தது, சாகும்வரை மாறாது, குட்டி வளர வளரப் புள்ளியளுக்கு இடையில தூரம் கூடுமே ஒழிய ஒழுங்கு அப்பிடியே இருக்கும். ஒண்டுக்கு இருக்கிற மாதிரி மற்றதுக்கு இருக்காது, எங்கட கைரேகை மாதிரித்தான். இதை இலங்கைச் சிறுத்தையில வச்சே ஆராய்ச்சி செய்து காட்டியிருக்கினம், 1989இல சிறியானி மித்தபாலவும் கூட இருந்த ஆக்களும் புள்ளியை வச்சுத் தனிச் சிறுத்தையைப் பிரிச்சு அறியலாம் எண்டு கட்டுரை போட்டவை. எங்கட நாட்டுச் சிறுத்தையை வச்சே இது நடந்தது எண்டு கொஞ்சம் பெருமைப்படலாம்.

ஆக்கள் மறக்கிற விசயம் என்னெண்டால், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒண்டு இல்லை. ரெண்டும் முழுக்க வேற. ஆகவே இடப்பக்கப் படத்தோட வலப்பக்கப் படத்தை ஒப்பிடவே ஏலாது. உங்களிட்ட ஒரு சிறுத்தையின்ர வலப்பக்கம் மட்டும் இருக்கு, இன்னொரு நாள் இன்னொரு சிறுத்தையின்ர இடப்பக்கம் மட்டும் கிடைச்சுது எண்டால் அது ஒரே ஆளாகவும் இருக்கலாம், ரெண்டு ஆளாகவும் இருக்கலாம், சொல்லவே முடியாது. அதுக்காக நான் முழுசா அறியாத ஆக்களுக்கு "வல-1, வல-2" எண்டும் "இட-1, இட-2" எண்டும் தனித்தனியா நம்பர் குடுத்து வச்சிருக்கிறன். ஒரே தரத்தில ரெண்டு பக்கமும் படம் கிடைச்சால்தான் ரெண்டு ஃபோல்டரையும் சேத்து ஒரு பேர் வைப்பன். காட்டில தானியங்கிக் கமரா வைக்கிற ஆராய்ச்சிக்காரர் பாதையின்ர ரெண்டு பக்கமும் சோடி சோடியாக் கமரா கட்டுறதும் இதுக்குத்தான். (நாங்கள் அப்பிடிக் கமரா வைக்க ஏலாது, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், அந்த ஆசையை விடுங்கோ.)

படம் எடுக்கிற ஒழுங்கும் இதால மாறும். சாதாரணமா எல்லாரும் முகத்தைத்தான் எடுப்பினம், கண்ணைப் பாக்கிற மாதிரி ஒரு படம் வந்தால் வாழ்க்கை பூர்த்தி. நீங்கள் முதல் 10 செக்கன் விலாவை எடுங்கோ. தோளில இருந்து தொடை வரைக்கும் முழுசா, கமராவுக்கு நேர் குறுக்கா நிக்கேக்க. பிறகு முகத்தின்ர இடது, வலது, பிறகு பின்பக்கம், வால். பிறகுதான் வடிவான படம். 400 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால் நல்லம், ஆனால் சின்னக் கமராவில தெளிவா எடுத்த விலா, பெரிய லென்சில ஆட்டம் கண்ட முகத்தை விட எனக்குப் பெறுமதி. விடியப்புற வெளிச்சத்தில ஷட்டர் வேகத்தைக் குறைச்சுப்போட்டு நடக்கிற மிருகத்தை எடுத்தால் புள்ளியெல்லாம் கோடாத்தான் வரும், அதைவிட ஐ.எஸ்.ஓ.வை (கமரா வெளிச்சத்தைப் பிடிக்கிற அளவு) கூட்டி மணல் மணலா வந்தாலும் பறவாயில்லை, புள்ளி தெரிஞ்சால் காணும். கமராவின்ர மணிக்கூடு சரியோ எண்டு பூங்காக் கேற்றில வச்சுப் பாருங்கோ, வெளிநாடு போய் வந்து நேரம் மாத்தாமல் விட்டு ஒரு முழுப் பயணத்தின்ர பதிவும் குழம்பின ஆள் நான்.

ஒப்பிடுறதுக்கு வாறன். முழு உடம்பையும் ஒரே நேரத்தில பாத்தால் தலைதான் சுத்தும், எல்லாம் புள்ளி. ஒரு பகுதியைத் தெரிவு செய்யுங்கோ, தோளுக்குப் பின்னால உள்ளங்கை அகல இடம் ஒண்டு, தொடையில ஒண்டு. அதுக்குள்ள வழமைக்கு மாறான வடிவத்தைத் தேடுங்கோ. எங்கட எழுத்து இதுக்கு நல்லா உதவும். ஃ மாதிரி 3 புள்ளி கூடி நிக்கும், ப மாதிரி மேல் பக்கம் திறந்த வளையம் இருக்கும், ட மாதிரி மூலை மடிஞ்ச கோடு இருக்கும், ரெண்டு வளையம் ஒட்டி எட்டுப் போல வரும். என்ர கொப்பியில உண்மையாவே "தோளுக்குப் பின் ஃ, அதுக்குக் கீழ ப, ப-க்கு வலப்பக்கம் ஒட்டின சோடி" எண்டுதான் எழுதிக் கிடக்கு. அடுத்த படத்தில அந்த ஃ கிடைச்சால், கீழ ப இருக்கோ, வலப்பக்கம் சோடி இருக்கோ எண்டு பாருங்கோ. ஆகக் குறைஞ்சது 3 அடையாளமாவது அதே ஒழுங்கில வரவேணும். ஒண்டு மட்டும் ஒத்து வந்திட்டுது எண்டு துள்ளாதேங்கோ, ஃ மாதிரிப் புள்ளி எந்தச் சிறுத்தையிலயும் எங்கயாவது கிடைக்கும். அதே நேரம், தெளிவாத் தெரியிற ஒரு இடம் ஒத்து வராட்டில், மற்றது 5 ஒத்து வந்த மாதிரித் தெரிஞ்சாலும் அது வேற ஆள். மனம் ஒத்து வரச் சொல்லித்தான் கேக்கும், அதைக் கேளாதேங்கோ.

வயிறு நிறையச் சாப்பிட்ட சிறுத்தையின்ர விலா இழுபட்டு நிக்கும், வளையம் எல்லாம் அகலமாத் தெரியும். முன்னங்கால் முன்னுக்குப் போகேக்க தோளில தோல் சுருங்கி 2 புள்ளி ஒண்டான மாதிரித் தெரியும். படுத்திருக்கேக்க சொல்லவே வேண்டாம். இது தெரியாமல் "புள்ளி மாறியிருக்கு" எண்டு சண்டை பிடிப்பினம். மாறினது புள்ளி இல்லை, தோல் மடிப்பு. நிக்கிற படத்தை நிக்கிற படத்தோட ஒப்பிடுறதுதான் நல்லம்.

முகத்தில மீசைப் புள்ளி எண்டு ஒரு முறை இருக்கு. தென்னாபிரிக்காவில சாபி சாண்ட் பக்கம் வழிகாட்டிமார் அதை வச்சே சிறுத்தைக்குப் பேர்ப்பட்டியல் வச்சிருக்கினம். மேல் சொண்டில மீசை முளைக்கிற வரிசை வரிசையான கறுப்புக் கோடு இருக்கெல்லே, அதில ஆக மேல இருக்கிற வரிசைக்கும் மேல தனியாச் சில புள்ளி நிக்கும். அதை ஒரு பக்கம் எத்தினை, மற்றப் பக்கம் எத்தினை எண்டு எண்ணி 3:2, 4:4 எண்டு எழுதுறது. எந்தப் பக்கத்தை முதல் எழுதுறீங்கள் எண்டு ஒருக்கா முடிவெடுத்தால் பிறகு மாத்தக்கூடாது, நான் வலதை முதல் எழுதுறன். மிருகத்தின்ர வலது, எங்கட வலது இல்லை, நேர பாத்துக்கொண்டு நிக்கேக்க இதில கனபேர் தடுமாறுவினம். ஆனால் இது கெதியாச் சலிச்செடுக்கிறதுக்கு மட்டும்தான். 3:2 உள்ள ஆள் ஒரு பூங்காவில கனபேர் இருப்பினம். உங்களிட்ட 30 கடுவன் இருந்து, இண்டைக்குக் கண்டவர் 4:3 எண்டால், ஒரு 5 பேரோட மட்டும் விலாவை ஒப்பிட்டால் காணும், அந்தளவுதான் அதின்ர வேலை.

காது கிழிஞ்சது, கண் வெள்ளை படிஞ்சது, வால் நுனி இல்லாதது, மூக்கில வெட்டு, இதெல்லாம் தூரத்தில இருந்தே ஆளைக் காட்டும், அதால எல்லாருக்கும் விருப்பம். கடுவனுக்குக் கடுவன் சண்டையில இப்பிடிக் காயம் வாறது வழமை. ஆனால் மூக்கு வெட்டு 3 மாதத்தில ஆறி மயிர் மூடிவிடும், காது கிழியாதவர் நாளைக்குக் கிழிஞ்ச காதோட வருவார். காயத்தை உறுதிப்படுத்திறதுக்கு வையுங்கோ, அத்திவாரமா வைக்காதேங்கோ. காயத்தைக் கண்ட திகதியை மட்டும் கட்டாயம் எழுதுங்கோ, பிறகு ஆர் ஆரோட எப்ப மோதினவை எண்டு ஊகிக்க அது ஒண்டுதான் மிஞ்சும்.

மற்றவையின்ர படம் வாங்கேக்க ஒரு பெரிய பொறி இருக்கு. ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில அருமையான இடப்பக்கப் படம் ஒண்டு அனுப்பினவர், நான் 3 பின்னேரம் இருந்து தேடியும் ஆள் கிடைக்கேல்ல, சரி புது ஆள் எண்டு நம்பர் குடுத்திட்டன். 2 மாதம் கழிச்சு அவரிட்டக் கதைச்சால், பார்வைக்கு நல்லா இருக்கும் எண்டு படத்தை இடம் வலம் திருப்பிப் போட்டிருக்கிறார்! அது வலப்பக்கம். திருப்பி வச்சுப் பாத்தால் எனக்கு நல்லாத் தெரிஞ்ச பழைய ஆள். அண்டையில இருந்து ஆர் படம் தந்தாலும் "திருப்பினீங்களோ" எண்டுதான் முதல் கேள்வி. பின்னால ஜீப் நம்பர் பிளேட்டோ எழுத்தோ தெரிஞ்சால் பிரச்சினை இல்லை, காட்டில எழுத்துக்கு எங்க போறது. வாட்ஸ்அப்பில படமா அனுப்பினால் எடுத்த நேரம் அழிஞ்சு போகும், தெளிவும் குறையும், டொக்கியுமென்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கோ.

சொஃப்ட்வெயர் இல்லையோ எண்டு கேப்பீங்கள். இருக்கு. ஹொட்ஸ்பொட்டர், வைல்ட் ஐடி எண்டு புள்ளி, வரி உள்ள மிருகங்களுக்கெண்டே செய்தது இருக்கு. நீங்கள் குடுக்கிற படத்துக்கு ஒத்து வரக்கூடிய படங்களை வரிசைப்படுத்தித் தரும், முடிவு எடுக்கிறது நீங்கள்தான். நூற்றுக்கணக்கில படம் உள்ள ஆளுக்கு அது பெரிய உதவி. 20-30 சிறுத்தைக்கு என்ர அபிப்பிராயத்தில கண் காணும், அதோட கண்ணால பாத்துப் பாத்துத்தான் ஆளைப் பழகுறது, மெசின் செய்து தந்தால் உங்களுக்கு ஒருநாளும் ஜீப்பில இருந்துகொண்டு "அட இவர்" எண்டு வராது.

கருஞ்சிறுத்தையைக் கண்டால் என்ன செய்யிறது எண்டு ஒருத்தர் கேட்டவர். யாலவில அந்தத் தொல்லை இல்லை, அநேகமா மலைநாட்டுப் பக்கம்தான் கண்டிருக்கினம், 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில கம்பிச் சுருக்கில ஒண்டு அகப்பட்டுப் பிறகு செத்தது ஞாபகம் இருக்கும். அதிலயும் புள்ளி இருக்கு, கறுப்புக்குள்ள கறுப்பா. மலேசியாவில இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில கமராவைப் படம் எடுக்கப் பண்ணி அந்தப் புள்ளியை வெளிய கொண்டு வந்து ஆள் பிரிச்சிருக்கினம்.

சரி, ஆளைப் பிரிக்கத் தெரிஞ்சாச்சு, ஆளைக் காணவேணுமே.

யால முழுக்க 979 சதுர கிலோமீற்றர், நாங்கள் சாதாரணமாப் போற பிளாக் 1 அதில 141 மட்டும்தான். காலமை 6 மணிக்குக் கேற் திறக்கும், பின்னேரம் 6 மணிக்கு வெளிய வந்திடவேணும், இடையில குறிச்ச இடங்களில தவிர ஜீப்பை விட்டு இறங்க ஏலாது. அதால எங்கட "பின்தொடருறது" எண்டது நடந்து போய் அடி பாக்கிறது இல்லை, ஜீப்பில இருந்து பாக்கிறது மட்டும்தான். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போற சனம்தான் உகந்தையில இருந்து கூமுனைக் காட்டுக்குள்ளால, யாலவுக்குள்ளால நடந்து போறது. அந்த யாத்திரை போய் வந்த கிழவியளிட்டக் கேளுங்கோ, எங்கட லென்ஸ் ஆக்களை விடக் கூடச் சிறுத்தைக் கதை வச்சிருப்பினம்.

முதல் ஜீப்பில ஒண்டாப் போறதில லாபம் இருக்கு, அது அவசரத்துக்கு இல்லை. ராத்திரி நடந்த அடி மண் றோட்டில அப்பிடியே கிடக்கும், 5 ஜீப் போனால் அழிஞ்சிடும். கடுவன் றோட்டால நடக்கிறதில விருப்பம் உள்ள ஆள், தன்ர எல்லையைச் சுத்தி வாற பாதை அது. அடி பெரிசா வட்டமா நகம் தெரியாமல் இருந்தால் கடுவனா இருக்கலாம், எந்தப் பக்கம் போயிருக்கு எண்டு பாத்து அந்தப் பக்கம் மெதுவாப் போங்கோ. ஆனால் அடியை வச்சு எந்த ஆள் எண்டு சொல்லாதேங்கோ. இந்தியாவில புலியை அடி வச்சு எண்ணித்தான் கனகாலம் கணக்குச் சொன்னவை, 2005இல ராஜஸ்தானில சாரிஸ்கா புலிகள் காப்பகத்தில ஒரு புலியும் இல்லை எண்டு தெரிய வந்த பிறகு அந்த முறையையே கைவிட்டு, 2006 கணக்கெடுப்பில இருந்து கமராவுக்கு மாறினவை.

சத்தத்துக்குக் காது குடுங்கோ, என்ஜினை நிப்பாட்டச் சொல்லுங்கோ. புள்ளிமான் கூப்பிடும், மந்தி மரத்தில இருந்து இருமுற மாதிரிக் கத்தும், மயில் கத்தும், ஆள்காட்டி கத்தும். மயிலை நம்பினால் நாள் முழுக்க அலைச்சல்தான், அது எதுக்கும் கத்தும். புள்ளிமான் ஒரு தரம் கூப்பிட்டிட்டு மேயத் தொடங்கினால் விடுங்கோ. கூட்டம் முழுக்க வாலைத் தூக்கி ஒரே பக்கம் பாத்துக்கொண்டு, கால் நிலத்தில அடிச்சுக்கொண்டு, திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் ஆள் அங்க நிக்குது. மரை கூப்பிட்டால் வேற யோசனையே வேண்டாம், அந்த இடத்திலயே நில்லுங்கோ. கடுவன் தானே சத்தம் போடுறதும் உண்டு, மரம் அரியிற வாள் மாதிரி, இழுத்து இழுத்து, விடியவும் பொழுதுபடவும் கூடக் கேக்கும். அந்தச் சத்தம் கேட்ட இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கோ, ஆளைக் காணாட்டிலும்.

றோட்டில கடுவன் நடந்து வருது எண்டு வையுங்கோ. எல்லா ஜீப்பும் பின்னால கலைக்கும், பின்னால கலைச்சால் கிடைக்கிறது வாலும் தூசியும்தான். நடக்கிற கடுவன் வேலையா நடக்குது, கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கா ஒரு பத்தைக்குத் திரும்பி நிண்டு வாலைத் தூக்கி மூத்திரம் பீச்சும், பின்னங்காலால மண்ணைக் கிளறும், சரிஞ்ச மரத்தில நகம் கீறும். கன நேரங்களில அது காட்டுக்குள்ள போய் வளைவு வெட்டித் திரும்பவும் அதே றோட்டில ஏறும். அதால முன்னுக்குப் போய் 200-300 மீற்றரில என்ஜினை நிப்பாட்டிப்போட்டு இருங்கோ, பாதிக்குப் பாதி தரம் தானா வரும், வரேக்க ஒரு பக்கம் காட்டும், பீச்சத் திரும்பேக்க மற்றப் பக்கம் காட்டும். எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்டாக் கிடைச்சதில முக்கால்வாசி இந்தப் பீச்சிற நேரத்திலதான். பீச்சின பத்தை எது எண்டு குறிச்சு வையுங்கோ, அடுத்த தரம் அதே பத்தைக்கு வருவார், அல்லது அவரின்ர இடத்தைப் பிடிச்சவர் வருவார், ரெண்டும் செய்திதான்.

வரட்சி காலம், ஜூன் ஜூலை ஆகஸ்ட், தண்ணி கிடக்கிற குளமும் பாறைக் குழியும் குறையும், ஆள் அங்கதான். ஹீன் வெவ மாதிரி ஒரு குளக்கரையில 2 மணித்தியாலம் சும்மா இருக்கப் பழகினால் ஓடித் திரியிற ஆக்களை விடக் கூடக் காணலாம், மே ஜூனில பாலைப்பழம் பழுக்கேக்க கரடியும் இலவசமாக் கிடைக்கும். செப்டெம்பரில பிளாக் 1ஐ வழமையாப் பூட்டுவினம், திகதி வருசா வருசம் மாறும், கேட்டுப்போட்டுப் போங்கோ. வில்பத்து இதுக்கு மாறான இடம், 1,317 சதுர கிலோமீற்றர், காடு அடர்த்தி, ஜீப் குறைவு. குருட்டுப்பாண்டி வில்லு, காளி வில்லு, மாணிக்கபொல ஊற்று எண்டு பேரைக் கேக்கவே எங்கட ஊருக்க நிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கடுவனைத் திரும்பத் திரும்பக் கண்டு பழக யாலதான் சுகம்.

கண்ட ஒவ்வொரு தரமும் எழுதவேண்டியது: திகதி, நேரம், இடம் (ஃபோனில ஜி.பி.எஸ். புள்ளி எடுங்கோ), எந்தப் பக்கம் படம் கிடைச்சுது, என்ன செய்தது, ஆரோட நிண்டது, எந்தப் பக்கம் போனது, படம் நம்பர் எதில இருந்து எது வரை. பெட்டையோட நிண்டால் அதைத் தனியா வட்டம் போடுங்கோ, கூடுற நாளில சோடியா 2-3 நாள் ஒரே இடத்தில நிக்கும், ரெண்டு பக்கமும் எடுக்க அதைவிட நல்ல தருணம் இல்லை, 3 மாதம் கழிச்சுக் குட்டி வந்தால் தகப்பன் ஆரெண்டு ஊகிக்கவும் அது வேணும். சிறுத்தையைக் காணாத நாளையும் எழுதுங்கோ. எத்தினை மணித்தியாலம் எந்த றோட்டில ஓடினீங்கள் எண்டு தெரியாட்டில் "இந்த மாதம் அவர் குறைவு" எண்டு சொல்லுறதில அர்த்தம் இல்லை, நீங்கள் குறைவாப் போயிருப்பீங்கள்.

வருசம் முடிய அந்தப் புள்ளியளை மப்பில போட்டுப் பாக்க ஆசை வரும், போடுங்கோ, வடிவா இருக்கும். ஆனால் அந்த வடிவம் சிறுத்தையின்ர எல்லை இல்லை, ஜீப் றோட்டின்ர வடிவம். நாங்கள் போகாத இடத்தில அது எவ்வளவு நேரம் நிக்குது எண்டு எங்களுக்குத் தெரியாது. இதே காரணத்தால ஒரு கடுவனை 6 மாதம் காணேல்ல எண்டவுடன "செத்திட்டுது" எண்டு அறிவிக்காதேங்கோ. பக்கத்துப் பிளாக்குக்குத் தள்ளுப்பட்டுப் போயிருக்கலாம், அங்க எங்கட ஜீப் போறதில்லை. என்ர கணக்கில 11 மாதம் காணாமல் போன ஒருத்தர் மெலிஞ்சு காது கிழிஞ்சு திரும்பி வந்தவர், விலாவில ஃ அப்பிடியே. நான் அதுக்குள்ள நாலைஞ்சு பேரிட்ட அவற்ர செத்தவீட்டுக் கதை சொல்லி முடிச்சிட்டன். புதுக் கடுவன் ஒண்டு வந்து பழையதைக் காணேல்ல எண்டால், அந்த இடத்துப் பெட்டையளின்ர குட்டியளைக் கவனியுங்கோ, புதுசா வாற கடுவன் பழையவரின்ர குட்டியைக் கொல்லுறது உண்டு.

படம் போடேக்க சரியான இடத்தையும் நேரத்தையும் அண்டைக்கே போடாதேங்கோ. 40 ஜீப் ஒரு பாறையைச் சுத்தி நிக்கிறதை நான் பாத்திருக்கிறன், அந்தச் சிறுத்தை எழும்பிப் போக வழியில்லாமல் 3 பக்கமும் பாத்துக்கொண்டு நிண்டது, அண்டைக்கு நானும் அந்த 40இல ஒண்டு. 2-3 கிழமை கழிச்சு, "யால" எண்டு மட்டும் போட்டால் காணும்.

என்ர பட்டியலில இப்ப ரெண்டு பக்கமும் தெரிஞ்ச கடுவன் 9 பேர், வலப்பக்கம் மட்டும் 4 பேர், இடப்பக்கம் மட்டும் 3 பேர். வல-4 எண்டவரை 6 தரம் கண்டிட்டன், 6 தரமும் வலப்பக்கம்தான். போன மாதம் மாணிக்க கங்கைப் பக்கம் றோட்டைக் குறுக்கால வெட்டி, ஒரு பத்தையில பீச்சி, அருமையா இடப்பக்கத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு ஒரு முழு நிமிசம் நிண்டவர். நான் அண்டைக்குக் காலமை முழுக்க மயில் எடுத்து மெமரி கார்ட்டை நிரப்பிப்போட்டு இருந்தன், அழிச்சு இடம் எடுத்து நிமிர்ந்து பாக்க, பத்தை மட்டும்தான் ஆடிக்கொண்டு நிண்டது.